பேட்டரி சூடேறினால் பொறுப்பதா, இறங்கி ஓடுவதா?

கத்திரி வெயில் கொளுத்தும் ஒரு மே மாத மதியம். திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டையை நெருங்கும் ஒரு மின்காரின் திரையில் மஞ்சள் நிற எச்சரிக்கை ஒன்று எழுகிறது: பேட்டரி வெப்பநிலை அதிகம், திறன் குறைக்கப்பட்டுள்ளது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி முன்போலப் பாய மறுக்கிறது. பெட்ரோல், டீசல் வண்டிகளிலேயே கை பழகியவர் என்ன செய்வார்? ஓரம்கட்டி, பானெட்டைத் தூக்கி, தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். ரேடியேட்டர் கொதிக்கிற வண்டிக்கு அது சரியான பழக்கம்தான். மின்காரில் பெரிய பேட்டரி பானெட்டுக்குக் கீழே இருப்பதில்லை. பெரும்பாலான கார்களில் அது இருக்கைகளுக்கு அடியில், தரையோடு தரையாக, தண்ணீர் புகாத பெட்டிக்குள் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. பானெட்டைத் திறப்பதால் அது குளிராது. மேலே தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே போகாது.

‘பேட்டரி சூடு’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது, உண்மையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிலைமைகளை. ஒன்றில், வேலை செய்ததால் பேட்டரி சூடாகிறது. வேலையை நிறுத்தினால் சூடு இறங்கும். காரே அதைப் பார்த்துக்கொள்ளும், ஓட்டுபவர் பொறுமையாக இருந்தால் போதும். மற்றொன்றில், பேட்டரிக்குள் ஒரு செல் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. வண்டியை நிறுத்தினாலும் அந்தச் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே பொறுமை உயிருக்கு ஆபத்து. முதலாவதைக் கண்டு பதறி நடுச்சாலையில் நிறுத்துகிறவர்களும் உண்டு, இரண்டாவதைக் கண்டும் உள்ளேயே உட்கார்ந்து சர்வீஸ் சென்டரின் எண்ணைத் தேடுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் மின்கார் ஓட்டுகிறவருக்கு வேண்டிய முதல் பாதுகாப்பு அறிவு என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் வகைச் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின்னோட்டம் பாயும் எந்தப் பொருளிலும் சிறிது மின்தடை இருக்கும். மின்னோட்டத்தின் இருமடியை அந்தத் தடையால் பெருக்கினால் கிடைப்பது வெப்பம். நம் பேட்டரி 320 வோல்ட், அதன் உள்தடை மொத்தம் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். தட்டையான சாலையில் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் ஓட ஒரு நடுத்தர காருக்குத் தோராயமாக 22 கிலோவாட் வேண்டும். அதற்கு 70 ஆம்பியர் பாயும், பேட்டரிக்குள் உண்டாகும் வெப்பம் 500 வாட்டுக்குப் பக்கம். அதே கார் 50 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜரில் நிற்கும்போது 156 ஆம்பியர் பாய்கிறது. வெப்பம் ஏறத்தாழ 2,400 வாட். வீட்டுக் குளியலறை கீசர் ஒன்றை பேட்டரிக்குள் போட்டுவிட்டது போன்ற சூடு அது. பேட்டரியின் எடை 300 கிலோ என்றால், குளிர்விப்பு எதுவும் இல்லாதபோது அரை மணி நேரத்தில் அதன் வெப்பநிலை 14, 15 டிகிரி ஏறிவிடும். தார்ச்சாலையின் அனலில் ஏற்கெனவே 42 டிகிரியில் இருந்த பேட்டரி 57-ஐத் தொடும்.

சாலையில் ஓடுவதைவிடச் சார்ஜரில் நிற்பதுதான் பேட்டரியை அதிகம் வாட்டுகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. நீண்ட பயணத்தில் இரண்டாவது, மூன்றாவது முறை ஃபாஸ்ட் சார்ஜ் செய்யும்போது வேகம் படுத்துவிடுகிறது என்று பலர் குறைப்படுவதற்கும் இதுவே காரணம். சார்ஜரில் கோளாறு என்று அங்குள்ள ஊழியரிடம் சண்டைக்குப் போவார்கள். பெரும்பாலும் சார்ஜர் நன்றாகத்தான் இருக்கும். சூடான பேட்டரியைக் காப்பாற்ற காரே குறைந்த மின்னோட்டத்தைக் கேட்கிறது.

லித்தியம் அயனி செல்லுக்கு ஏறத்தாழ 15 முதல் 35 டிகிரி வரை சுகமான வெப்பநிலை. இன்றைய கார்கள் பலவற்றில் செல்களை ஒட்டிய தகடுகளின் வழியே கூலன்ட் ஓடுகிறது. அந்தக் கூலன்ட்டைக் குளிர்விப்பது, நம்மைக் குளிர்விக்கும் அதே ஏசி கம்ப்ரஸர்தான். பேக்குக்குள் ஆங்காங்கே பதித்த வெப்ப உணரிகளை பி.எம்.எஸ். எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி விடாமல் கவனிக்கிறது. சூடு எல்லை மீறப்போகிறது என்று தெரிந்தால் முதலில் பம்ப்பை வேகப்படுத்தும், பிறகு சார்ஜிங்கைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் மோட்டாருக்குப் போகும் திறனை வெட்டும். சில கார்களின் திரையில் அப்போது ஓர் ஆமைப் படம் வரும். அது வந்தால் வண்டி கெட்டுவிட்டது என்று பொருளில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள்.

இந்த நிலையில் செய்ய வேண்டியவை எளியவை. முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். 120-இலிருந்து 90-க்கு இறங்கினால் காற்றை எதிர்த்துத் தள்ளும் உழைப்பு வெகுவாகக் குறைந்து, தேவைப்படும் திறன் பாதியாகிவிடும். மின்னோட்டம் பாதியானால் வெப்பம் கால் பங்காகும். இருமடிக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. கூலன்ட்டும் ஓடிக்கொண்டிருக்க, பத்துப் பதினைந்து நிமிடங்களில் பெரும்பாலும் எச்சரிக்கை மறைந்துவிடும். மறையாவிட்டால் ஒரு மர நிழலில் நிறுத்தி அரை மணி நேரம் காத்திருக்கலாம். நிறுத்திய பிறகும் பம்ப்பும் விசிறியும் சிறிது நேரம் இரைந்துகொண்டிருக்கும். பயப்பட வேண்டாம், குளிர்விப்பு நடக்கிறது. ஏசியின் குளிர்ச்சியைச் சற்றுக் குறைத்தாலும் கம்ப்ரஸரின் வலு பேட்டரிப் பக்கம் திரும்ப வழியுண்டு. செய்யக் கூடாதது ஒன்றுதான்: சூட்டோடு சூடாக ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டுவது. சாப்பிட்டு, டீ குடித்து, பிறகு மாட்டுங்கள். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 25, 30 கிலோவாட் சார்ஜர் பக்கத்தில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

மலைப்பாதை தனிக் கதை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 1,600 கிலோ எடையுள்ள ஒரு கார் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப்படுகிறது. அதற்கு மட்டுமே 5 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வேகம் பிடித்துப் பிடித்து ஏறினால் பேட்டரி சூடாகும். ஒரே சீராக, மெதுவாக ஏறினால் ஆகாது. இறங்கும்போது மறு உற்பத்தி பிரேக் அந்தச் சக்தியில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். ஆனால் பேட்டரி மிகச் சூடாக இருந்தாலோ நூறு சதவீதம் நிரம்பியிருந்தாலோ கார் அதை ஏற்றுக்கொள்ளாது. பழகிய இழுவை இல்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு இறங்குவது போலத் தோன்றும். கால் பிரேக்கில் தயாராக இருக்க வேண்டும்.

இந்தச் சாதாரணச் சூடு தீப்பிடிக்க வைக்காது. ஆனால் பேட்டரியின் ஆயுளைத் தின்னும். வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழைய பாடம். பேட்டரியை முதுமையாக்கும் வினைகளுக்கும் அது பொருந்தும். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரிக்குக் கூலன்ட் குளிர்விப்பு கிடையாது. 2012-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்து ஃபீனிக்ஸ் நகரில் இருந்த உரிமையாளர்கள் பேட்டரிக் கொள்ளளவைக் காட்டும் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைவதைக் கண்டார்கள். குளிர்ந்த ஊர்களில் நன்றாகவே இருந்த அதே கார் அங்கே சீக்கிரம் மூப்படைந்தது. நிறுவனம் கொள்ளளவுக்கென்று தனியே உத்தரவாதம் கொடுக்க வேண்டிவந்தது. வெப்பம் தாங்கும் வேதியியலோடு பிறகு அது கொண்டுவந்த பேட்டரிக்குப் ‘பல்லி’ என்று செல்லப் பெயர் விழுந்தது. வேலூர், கரூர், திருச்சி வெயிலில் கார் வைத்திருப்பவர்கள் வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது: பேட்டரிக்குக் கூலன்ட் குளிர்விப்பு உண்டா, காற்று மட்டும்தானா? மைலேஜைக் கேட்கும் நம் மக்கள் இதைக் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இனி இரண்டாவது வகைச் சூடு.

ஒரு செல்லை விரித்துப் பார்த்தால் மூன்று சுருள்கள் தெரியும். ஒன்று கிராஃபைட் பூசிய செப்புத் தாள், இன்னொன்று லித்தியம் சேர்மம் பூசிய அலுமினியத் தாள். இரண்டுக்கும் நடுவே ஒன்றோடொன்று தொடாமல் காப்பது நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் படலம். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் அதன் தடிமன். இவை எல்லாம் ஊறிக் கிடப்பது எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பானில். கிராஃபைட்டின் மேற்பரப்பில் முதல் சார்ஜின்போதே உருவாகும் ஒரு மெல்லிய காப்புப் படிவு, அந்தக் கரைப்பானோடு கிராஃபைட் நேரடியாக வினைபுரியாமல் தடுக்கிறது. செல்லின் ஒரு மூலையில் எந்தக் காரணத்தாலோ 90 டிகிரியை ஒட்டி வெப்பம் ஏறினால், அந்தப் படிவு சிதையத் தொடங்கும். சிதைவே வெப்பம் தரும் வினை. அந்த வெப்பம் மேலும் சிதைக்கும். 130 டிகிரி வாக்கில் நடுப்படலத்தின் பாலிஎதிலீன் உருகுகிறது. படலம் சுருங்கிக் கிழிந்தால் இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டு, செல்லில் இருக்கும் மின்சக்தி முழுவதும் அங்கேயே வெப்பமாக மாறும். 200 டிகிரியைத் தாண்டும்போது நிக்கல், கோபால்ட் கலந்த நேர்முனைப் பொருள் ஆக்சிஜனை வெளியிடுகிறது. எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் ஒரே உறைக்குள் சேர்ந்துவிட்டன. சில நொடிகளில் வெப்பநிலை 600 டிகிரியைக் கடக்கும். பக்கத்துச் செல் சூடாகி அதே கதை அங்கும் தொடங்கும். பொறியாளர்கள் இதைத் ‘தெர்மல் ரன்அவே’ என்கிறார்கள். தொடங்கிவிட்டால் வெளியிலிருந்து எந்தச் சுவிட்சாலும் நிறுத்த முடியாது.

இந்தியாவில் ஓடும் மின்கார்கள் பலவற்றில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் இருக்கின்றன. 2019-இல் நோபல் பரிசு பெற்ற ஜான் குட்இனஃபின் ஆய்வுக்குழு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொண்ணூறுகளில் கண்டறிந்த பொருள் அது. அதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் சூட்டிலும் எளிதில் விடுபடாது. அதனால் இந்த வகைச் செல்கள் தறிகெட்டுப் போவது கடினம், போனாலும் சூடு குறைவு. ஆனால் ஒருபோதும் ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. கரைப்பான் இதிலும் அதேதான். இவை வெளியிடும் வாயுவில் ஹைட்ரஜன் உண்டு, மூடிய இடத்தில் தேங்கினால் வெடிக்கும்.

வெயில் மட்டுமே ஒரு நல்ல செல்லை இந்த நிலைக்குக் கொண்டுபோகாது. 2003 மே 31 அன்று சென்னையில் பதிவான 45 டிகிரிக்கும் செல் சிதையத் தொடங்கும் வெப்பத்துக்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு பழுது வேண்டும். அடியில் கல் இடித்துப் பேக் நசுங்கியிருக்கலாம், விபத்தில் கூலன்ட் கசிந்திருக்கலாம், வெள்ளநீர் புகுந்திருக்கலாம், தொழிற்சாலையிலேயே செல் குறையோடு பிறந்திருக்கலாம். ஷெவர்லே போல்ட் கார்களில் நடந்தது கடைசி வகை. எதிர்முனைத் தகட்டில் ஒரு கிழிசல், நடுப்படலத்தில் ஒரு மடிப்பு. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து அமைந்தபோது தீப்பிடித்தது. 2021 ஆகஸ்டில் அந்த மாடலின் எல்லாக் கார்களையும் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. பழுது சரிசெய்யப்படும் வரை 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள், இரவில் வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், திறந்த வெளியில் நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னது. உங்கள் காருக்கு இப்படி ஓர் அழைப்புக் கடிதம் வந்தால் அதே நாளில் செயல்படுங்கள்.

தறிகெட்ட சூட்டை அடையாளம் காண்பது எப்படி? நிறுத்திய பிறகும் வெப்பநிலை ஏறுவதும், எச்சரிக்கை மஞ்சளிலிருந்து சிவப்பாகி ‘வண்டியை விட்டு வெளியேறவும்’ என்று வருவதும் முதல் அறிகுறிகள். தரைக்கடியிலிருந்து ‘பட், பட்’ என்றோ ‘உஸ்’ என்றோ சத்தம் வரும். நெயில் பாலிஷ், தின்னர் போன்ற இனித்த ரசாயன நெடி அடிக்கும். அடியிலிருந்து வெண்புகை கிளம்பும். நீராவி போலவே தெரியும் அந்தப் புகையைக் கண்டு ‘கூலன்ட் ஆவியாகிறது’ என்று குனிந்து பார்க்கிறவர்கள் உண்டு. அது எரியக்கூடிய வாயு. அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கடும் நஞ்சும் கலந்திருக்கும். இவற்றில் ஒன்று கண்டாலும் மற்றதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மின்கார்ப் பாதுகாப்புக்கான ஐ.நா.வின் 2018-ஆம் ஆண்டு உலகத் தொழில்நுட்ப விதி, ஒரு செல் தறிகெட்டால் பயணிகள் பகுதிக்கு ஆபத்து எட்டுவதற்கு ஐந்து நிமிடங்கள் முன்பாவது கார் எச்சரிக்க வேண்டும் என்கிறது. ஐந்து நிமிடம் என்பது இறங்குவதற்கான நேரம். போன் பேசவோ டிக்கியில் இருக்கும் பெட்டியை எடுக்கவோ அல்ல. இண்டிகேட்டர் போட்டு ஓரம்கட்டுங்கள். பெட்ரோல் பங்க், மேம்பாலத்தின் அடி, கடை வாசல், காய்ந்த புல் இவற்றைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், அதற்காக வெகுதூரம் ஓட்டிப் போகாதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டியை அணைத்து, குழந்தைகளையும் பெரியவர்களையும் முதலில் இறக்குங்கள். மின்சாரத்தால் திறக்கும் கதவுகள் உள்ள காரில் கையால் திறக்கும் நெம்பு எங்கே இருக்கிறது என்பதை, வாங்கிய அன்றே வீட்டிலுள்ள எல்லோரும் தொட்டுப் பார்த்து வைத்திருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, முப்பது மீட்டருக்குக் குறையாமல் விலகி நின்று 101 அல்லது 112-ஐ அழையுங்கள். ‘கார் எரிகிறது’ என்று மட்டும் சொல்லாமல், ‘மின்கார், பேட்டரியிலிருந்து புகை’ என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் கொண்டுவரும் தண்ணீரின் அளவே மாறும். சார்ஜில் இருக்கும்போது இது நடந்தால் சார்ஜிங் கன்னைப் பிடுங்கப் பக்கத்தில் போகக் கூடாது. சார்ஜரின் சிவப்பு அவசரப் பொத்தானோ வீட்டு எம்.சி.பி.யோ தள்ளி இருந்தால் அதை அணைக்கலாம்.

காரில் வைத்திருக்கும் சிறிய தீயணைப்பான் சீட்டிலோ வயரிலோ பிடித்த தீக்கு உதவும். பேட்டரித் தீக்கு உதவாது. பொடி தூவித் தீநாக்கை அடக்கினாலும் உள்ளே வெப்பம் பிறந்துகொண்டே இருக்கிறது. வெப்பத்தை உறிஞ்சத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் ஏராளமாக. மூடிய பெட்டிக்கு வெளியே ஊற்றி உள்ளே குளிர்விக்க வேண்டியிருப்பதால், டெஸ்லா தன் மீட்புப் பணியாளர் கையேட்டில் 11,000 முதல் 30,000 லிட்டர் வரை தேவைப்படலாம் என்று எழுதியிருந்தது. ஒரு வாளித் தண்ணீரோடு நெருங்குகிறவர் நச்சுப் புகையைச் சுவாசிப்பது தவிர எதையும் சாதிக்க முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது புகை. அந்த ஆண்டுத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் இந்தியாவின் ஏ.ஐ.எஸ். 156, ஏ.ஐ.எஸ். 038 தரநிலைகள் கடுமையாக்கப்பட்டன.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் இன்று கீழ்த்தள பார்க்கிங்கில் சார்ஜர் வைக்க அனுமதிக்கலாமா என்று வாதிடுகின்றன. 2024 ஆகஸ்ட் 1 அன்று தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில், ஒரு குடியிருப்பின் நிலத்தடி பார்க்கிங்கில் நின்ற மெர்சிடிஸ் மின்கார் தீப்பிடித்தது. அணைக்க எட்டு மணி நேரம் பிடித்தது, நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் சேதமடைந்தன. அந்தக் கார் அப்போது சார்ஜில் இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தது. தீ பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், கூரையின் ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் வராதபடி அடைக்கப்பட்டதுதான். சார்ஜரைத் தடை செய்வதில் மும்முரம் காட்டும் சங்கங்கள், தங்கள் கட்டடத்தின் ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் வருகிறதா என்று ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. மின்கார்கள் பெட்ரோல் கார்களைவிட அடிக்கடி எரிகின்றன என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. சுவீடன் அரசின் அவசரகாலத் துறை திரட்டிய கணக்கில், விகிதப்படி மின்கார்த் தீ மிகக் குறைவு. அரிதாக வருகிறது, வந்தால் அணைப்பது கடினம் என்பதே சரியான சித்திரம்.

தீ அணைந்த பிறகும், அல்லது புகைந்து தானாக அடங்கிய பிறகும், பேட்டரியில் எரியாமல் மிஞ்சிய செல்களில் மின்சக்தி தங்கியிருக்கும். 2011 மே மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு ஷெவர்லே வோல்ட் காரை அரசுச் சோதனைக்காகக் கம்பத்தில் மோதவிட்டு, வெளியே நிறுத்தி வைத்தார்கள். பேட்டரியில் லேசான சேதம், கூலன்ட் கசிவு, அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து அது தீப்பிடித்து, பக்கத்தில் நின்ற வண்டிகளையும் எரித்தது. ஆகவே அடிபட்ட, சூடேறிப் புகைந்த மின்காரை நான்கு சக்கரமும் மேலே ஏற்றும் பிளாட்பெட் லாரியில்தான் கொண்டுபோக வேண்டும். சக்கரம் உருள இழுத்துப் போனால் மோட்டார் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கிவிடும். லாரி ஓட்டுநரிடம் பேட்டரி புகைந்த விவரத்தைச் சொல்லிவிடுங்கள். இறக்கி வைக்கும் இடம் திறந்தவெளியாக, கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஒர்க்‌ஷாப் ஷெட்டுக்குள் அன்றிரவே தள்ளி வைக்க அவர்கள் முயன்றால், கூடாது என்று சொல்லுங்கள்.